வழங்கல், வழக்கம், வழக்கு: இந்தியத் தொழிலகங்களில் போனஸ் உரிமையான வரலாறு

முன்னுரை

வேலை கொடுப்போர்க்கும் வேலை செய்வோர்க்கும் இடையிலான ஒப்பந்தம் முழுவதும் ஏட்டில் எழுதப்படுவதில்லை. எந்த நாளில் ஓய்வு, பண்டிகைக்கு என்ன தொகை, பிழைபட்ட வேலைக்கு எவ்வளவு பிடித்தம் என்பன போன்றவை பல தொழிலகங்களில் எழுதப்படாமலே நடைமுறையில் நிலைபெற்றன. இவ்வாறு நிலைபெற்ற நடைமுறை எப்போது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நிபந்தனையாகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் இந்தியத் தொழில் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா. இவ்வினாவைப் பண்டிகைக் காலப் போனஸின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அகமதாபாத், பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் நிகழ்ந்த பூசல்களும், அவற்றை ஒட்டி மன்றங்கள் வகுத்த அளவுகோல்களும் ஆய்வு எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘வழங்கு’ என்னும் வினையடி கொடுத்தல், நடைமுறையில் இருத்தல் ஆகிய இரு பொருள்களையும் தருவது. இதன் வழிவந்த ‘வழக்கு’ என்னும் பெயர்ச்சொல் உலக நடைமுறையையும் குறிக்கும். அறங்கூறு அவையின் முன் வைக்கப்படும் முறையீட்டையும் குறிக்கும். தொல்காப்பியப் பாயிரம் நூலுக்கு அடிப்படையாகச் செய்யுளோடு வழக்கையும் சுட்டுவது தமிழாய்வாளர் நன்கறிந்தது. இலக்கணத்தில் வழக்கு விதிக்குச் சான்றாக நின்றது போலவே, தொழிலகத்திலும் வழக்கு உரிமைக்குச் சான்றாக நின்றது. கொடுக்கப்பட்ட ஒன்று நடைமுறையாகி, நடைமுறை முறையீடாகும் படிமலர்ச்சியை ஒரே சொற்குடும்பம் தன்னுள் கொண்டிருப்பது கருதத்தக்கது.

இத்துறையில் வழங்கும் கடன்சொற்களும் இவ்வாறே பொருள் பொதிந்தவை. ‘இனாம்’ என்னும் அரபுச் சொல் கொடையைக் குறிப்பது. ‘மாமூல்’ என்பதும் அரபுச் சொல்லே. வழக்கமாகச் செய்யப்படுவது என்பது அதன் பொருள். ‘தஸ்தூரி’ என்பது வழக்கத்தைக் குறிக்கும் ‘தஸ்தூர்’ என்னும் பாரசீகச் சொல்லினின்று பிறந்தது. இலத்தீன் மொழியில் நல்லது என்னும் பொருளுடைய ‘போனஸ்’ இவற்றுக்குப் பின் வந்து சேர்ந்தது. இவற்றுள் மாமூலும் தஸ்தூரியும் கையூட்டைக் குறிக்கும் சொற்களாகத் தாழ்ந்தன. போனஸ் சட்டத்தின் பெயரிலேயே இடம்பெறும் சொல்லாக உயர்ந்தது. வழக்கம் என்ற ஒரே நிலத்தில் முளைத்தவை இருவேறு கதிகளை அடைந்ததற்கான காரணத்தைப் பின்வரும் நிகழ்வுகள் தெளிவாக்குகின்றன.

அகமதாபாத் 1918: காரணத்தோடு பிறந்த கொடை

1917ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர் நகரைவிட்டு ஊர் திரும்பத் தொடங்கினர். முதல் உலகப்போர்க் காலத்தில் துணிக்கு நல்ல விலை இருந்தமையால் ஆலைகளை நிறுத்த உரிமையாளர் விரும்பவில்லை. தொழிலாளரைத் தக்கவைக்க அவர்கள் ‘பிளேக் போனஸ்’ என்னும் கூடுதல் தொகையை வழங்கினர். சில பிரிவினருக்கு அத்தொகை ஊதியத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வரை இருந்தது. நோய் தணிந்ததும் 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை நிறுத்த உரிமையாளர் முற்பட்டனர். விலைவாசியோ தணியவில்லை.

இப்பூசலில் தொழிலாளர் ‘வழக்கமாகப் பெற்றுவந்தோம்’ என்று வாதிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கொடை பிறந்த காரணம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தது. காரணம் நீங்கியபின் கொடையைக் கோர இயலாது. எனவே அவர்கள் வாழ்க்கைச் செலவை அடிப்படையாகக் கொண்டு 50 விழுக்காட்டு உயர்வு கேட்டனர். காந்தியடிகள் 35 விழுக்காடு என்னும் அளவை நியாயமாகக் கண்டார். உரிமையாளர் 20 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை. கதவடைப்பும் காந்தியடிகளின் உண்ணாநோன்பும் தொடர, மார்ச் மாதத்தில் நடுவர் தீர்ப்புக்கு இரு தரப்பும் உடன்பட்டன. நடுவராக அமைந்த ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காட்டை உறுதி செய்தார். மகாதேவ் தேசாய் இப்போராட்டத்தின் வரலாற்றைக் குஜராத்தியில் நூலாக எழுதியுள்ளார். கொடையின் இடத்தைத் தேவை பற்றிய வாதம் பிடித்துக்கொண்டதையே அகமதாபாத் காட்டுகிறது. வழக்கம் உரிமையாகும் வினா இன்னும் எழவில்லை.

பம்பாய் 1924: மறுக்கப்பட்ட வழக்கம்

அவ்வினா முழு உருவில் எழுந்த இடம் பம்பாய். போருக்குப் பிந்தைய செழிப்பான ஆண்டுகளில் பம்பாய்ப் பஞ்சாலை உரிமையாளர், 1919 முதல் ஆண்டுதோறும் தொழிலாளர்க்குப் போனஸ் வழங்கி வந்தனர். அது ஒரு மாத ஊதியம் என்னும் அளவில் நிலைபெற்றது. தொழிலாளர் அதனை எதிர்பார்த்தே ஆண்டுச் செலவுகளைத் திட்டமிட்டனர். 1923இல் தொழில் மந்தமடைந்தபோது அவ்வாண்டுக்குப் போனஸ் இல்லை என்று உரிமையாளர் அறிவித்தனர். இதன் விளைவாக 1924 ஜனவரியில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைக்குச் செல்லவில்லை.

பம்பாய் அரசு, தலைமை நீதிபதி நார்மன் மக்லியாடு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1919 முதல் வழங்கப்பட்ட போனஸின் தன்மை யாது, அதன்வழித் தொழிலாளர்க்கு வழக்கத்தாலோ சட்டத்தாலோ நியாயத்தாலோ வலியுறுத்தத்தக்க உரிமை ஏதும் உண்டாயிற்றா என்பதே குழுவின் முன் வைக்கப்பட்ட வினா. அத்தகைய உரிமை எதுவும் நிறுவப்படவில்லை என்று குழு முடிவு கூறியது. 1923ஆம் ஆண்டின் இலாபம் போனஸ் வழங்க இடம் தரவில்லை என்னும் உரிமையாளர் கூற்றையும் ஏற்றது. மார்ச் மாதத்தில் தொழிலாளர் வெறுங்கையோடு ஆலைக்குத் திரும்பினர்.

தொழிலாளர் தோல்வியுற்றனர் எனினும், குழுவிடம் விடப்பட்ட வினாவின் அமைப்பு வரலாற்று முதன்மை உடையது. வழக்கம், சட்டம், நியாயம் என மூன்று வழிகளில் உரிமை பிறக்கக்கூடும் என்பதை அவ்வினாவே ஒப்புக்கொண்டுவிட்டது. செழிப்பான ஆண்டுகளில் மட்டும் வழங்கப்பட்ட ஒன்று வழக்கமாகுமா என்னும் ஐயத்தையும் அது விட்டுச் சென்றது. பின்னாளில் வகுக்கப்பட்ட அளவுகோல்கள் இவ்வையத்திற்குச் சொல்லப்பட்ட விடைகளே எனலாம்.

கல்கத்தா: பூஜை போனஸும் அளவுகோல்களும்

வங்காளத்தில் துர்க்கா பூஜை ஆண்டின் தலையாய விழா. புத்தாடை வாங்குவதும் உறவினர்க்கு அளிப்பதும் ஊருக்குச் செல்வதும் அவ்விழாவின் கடமைகள். கல்கத்தாவின் வணிக நிறுவனங்கள் பூஜையை ஒட்டித் தம் எழுத்தர்க்கும் ஏவலர்க்கும் ஒரு மாத ஊதியம் போன்ற தொகையை வழங்கும் நடைமுறை படிப்படியாகப் பரவியது. பம்பாய்ப் போனஸுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. பம்பாயில் தொகையை முடிவு செய்தது கணக்கேடு. கல்கத்தாவில் நாளை முடிவு செய்தது பஞ்சாங்கம். இலாபம் இல்லாத ஆண்டிலும் பூஜை வந்தே தீரும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சில நிறுவனங்கள் இத்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ முற்பட்டபோது பூசல்கள் தீர்ப்பாயங்களை அடைந்தன. 1952இல் கல்கத்தாவின் மகாலட்சுமி பருத்தி ஆலை தொடர்பான தீர்ப்பில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், இத்தகைய தொகை பணி ஒப்பந்தத்தின் உட்கிடையான நிபந்தனை ஆவதற்கு மூன்று கூறுகளை வகுத்தது. தொகை இடையறாது வழங்கப்பட்டிருக்க வேண்டும். போதிய நெடுங்காலம் வழங்கப்பட்டிருக்க வேண்டும். வழங்கப்பட்ட சூழல், அது கருணையால் தரப்பட்டது என்னும் கருத்துக்கு இடமளிக்காததாக இருக்க வேண்டும்.

1959இல் உச்சநீதிமன்றம் இஸ்பஹானி நிறுவன வழக்கிலும் கிரகாம் டிரேடிங் நிறுவன வழக்கிலும் இப்பொருளை விரிவாக ஆராய்ந்தது. இரண்டும் பூஜை போனஸ் பற்றியவை. இவற்றின் வழி இரண்டு தனித்தனிப் பாதைகள் தெளிவாயின. முதலாவது, தொடர்ந்த நடத்தையிலிருந்து இரு தரப்பின் உடன்பாட்டை உய்த்துணரும் பாதை. இங்கு எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. இரண்டாவது, பண்டிகையோடு இணைந்த மரபு என்னும் பாதை. இங்கு ஒப்பந்தத்தைத் தேட வேண்டியதில்லை. வழக்கமே உரிமையின் மூலம்.

இரண்டாம் பாதைக்குக் கிரகாம் வழக்கு நான்கு கூறுகளை வகுத்தது. தொகை இடையறவு இன்றி ஆண்டுதோறும் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அக்காலம் போதிய நீளமுடையதாக, உட்கிடையான நிபந்தனைக்கு வேண்டுவதினும் நீண்டதாகவும் இருக்க வேண்டி வரலாம். நட்டமுற்ற ஆண்டுகளிலும், இலாபத்தைச் சாராமல் வழங்கப்பட்டிருக்க வேண்டும். அளவு எல்லா ஆண்டுகளிலும் ஒரே சீராக இருந்திருக்க வேண்டும்.

இந்நான்கனுள் மூன்றாவதே உரைகல் எனத் தகும். செழிப்பில் கொடுப்பது கொடுப்போரின் மனநிலையைக் காட்டும். நட்டத்திலும் கொடுப்பது அவர் தம்மைக் கடமைப்பட்டவராகக் கருதியதைக் காட்டும். காலத்தின் நீட்சி தன்னளவில் உரிமையைப் பிறப்பிப்பதில்லை. கொடுப்போரின் விருப்பம் அச்செயலிலிருந்து விலகிவிட்டது என்பதற்குக் காலம் ஒரு சான்று; நட்ட ஆண்டு அதனினும் வலிய சான்று. பம்பாய்த் தொழிலாளரிடம் 1924இல் இல்லாதிருந்ததும் இச்சான்றே.

‘கருணைத்தொகை’ என்னும் சொல்

உரிமையாகிவிடும் என்பதை உணர்ந்த நிறுவனங்கள் சொல்லைக் கொண்டு அதனைத் தடுக்க முற்பட்டன. தொகை வழங்கும்போதே ‘இது கருணைத்தொகை, உரிமை அன்று, இவ்வாண்டுக்கு மட்டுமே’ என்னும் கருத்துப்படச் சுற்றறிக்கை விடும் முறை பரவியது. 1960இல் பி. என். இலியாஸ் நிறுவன வழக்கில் உச்சநீதிமன்றம் இச்சொல்லுக்கு எடை தந்தது. கருணைத்தொகை என வெளிப்படக் கூறி வழங்கப்பட்டு, தொழிலாளரும் அவ்வாறே ஏற்றுப் பெற்றிருப்பின் அதிலிருந்து உட்கிடையான நிபந்தனையை உய்த்துணர இயலாது என்று கொள்ளப்பட்டது.

இதனால் ஓர் இடர் தோன்றியது. பண்டிகை முன்னிரவில் கையில் தரப்படும் தொகையோடு வரும் சுற்றறிக்கையைத் தொழிலாளர் மறுத்துரைப்பது அரிது. வாய்மூடிப் பெற்றுக்கொண்டது இசைவு எனக் கொள்ளப்பட்டால், எழுதும் வசதியுடைய தரப்பே வழக்கத்தின் பொருளை முடிவு செய்வதாகும். எழுதப்படாத வழக்கத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு சொல் பெறும் ஆட்சி இதில் புலப்படுகிறது. தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் கோரிக்கை மடல் அளித்து, பெறுவதை உரிமையாகவே பெறுகிறோம் எனப் பதிவு செய்வதன் இன்றியமையாமையும் இதனால் விளங்குகிறது.

சட்டமும் வழக்கமும்

வழக்கத்திற்கு இந்தியச் சட்டம் தொடக்கம் முதலே இடம் தந்துள்ளது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் முதற்பிரிவிலேயே, தன்னோடு முரண்படாத தொழில் வழக்கங்களைப் பாதிக்காது என்று கூறுகிறது. அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, சட்ட ஆற்றலுடைய வழக்கத்தையும் ‘சட்டம்’ என்னும் சொல்லுள் அடக்குகிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 9ஏ பிரிவு, பணி நிபந்தனைகளை மாற்றுமுன் 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்றது. அதற்குரிய நான்காம் அட்டவணை, வழக்கமான சலுகையைத் திரும்பப் பெறுவதையும் வழக்கத்தை மாற்றுவதையும் அம்மாற்றங்களுள் ஒன்றாக எண்ணியது. 1972இல் டாடா இரும்பு எஃகு நிறுவன வழக்கில், ஞாயிற்றுக்கிழமையாக இருந்த வார ஓய்வை வேறு நாளுக்கு மாற்றுவதற்கும் இம்முன்னறிவிப்பு தேவை என்று உச்சநீதிமன்றம் கூறியது. பணத்தைச் சாராத வழக்கமும் காக்கப்பட்டமைக்கு இது சான்று.

போனஸைப் பொறுத்தவரை வேறொரு நீரோட்டமும் உடன் ஓடியது. 1950இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பம்பாய் ஆலைகள் தொடர்பாக இலாபத்தைப் பகிரும் வாய்பாடு ஒன்றை வகுத்தது. 1955இல் கான்பூரின் மியூர் ஆலை வழக்கில், நடப்பு ஊதியம் வாழ்வூதியத்தை எட்டாமையும், தொழிலாளர் உழைப்பால் இலாபம் விளைந்தமையும் போனஸ் கோரிக்கைக்கு அடிப்படை என்று உச்சநீதிமன்றம் கூறியது. இவை இலாபப் போனஸ் பற்றியவை. இவற்றின் முடிவாக 1965இல் போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. குறைந்த அளவு முதலில் 4 விழுக்காடாக இருந்தது. பின்னர் 8.33 விழுக்காடாக உயர்ந்து, 1975இல் நெருக்கடிநிலைக் காலத்தில் குறைக்கப்பட்டு, 1977இல் மீட்கப்பட்டது. 8.33 விழுக்காடு என்பது ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத ஊதியம். பம்பாய் ஆலைகளிலும் கல்கத்தா அலுவலகங்களிலும் வழக்கமாயிருந்த அளவும் அதுவே.

இச்சட்டம் வந்தபின் பண்டிகைப் போனஸின் நிலை என்ன என்னும் வினா எழுந்தது. சட்டமே முழுமையானது, ஆகவே சட்டத்தில் இல்லாத வழக்கம் மறைந்தது என்பது வேலை கொடுப்போர் வாதம். பம்பாயின் நாகதேவிப் பகுதிச் சிறு வணிகர்கள் தம் தொழிலாளர்க்கு வழங்கிவந்த தொகையை 1965இல் நிறுத்தியதிலிருந்து எழுந்த பூசல், ‘மும்பை காம்கார் சபை’ வழக்காக 1976இல் உச்சநீதிமன்றத்தால் முடிவு செய்யப்பட்டது. போனஸ் சட்டம் இலாபப் போனஸுக்கு மட்டுமே முழுமையான தொகுப்பு. வழக்கத்தாலோ ஒப்பந்தத்தாலோ வரும் போனஸை அது அழிக்கவில்லை என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புரைத்தார். 1976ஆம் ஆண்டின் திருத்தம் வழக்கத்தை ஒழித்துவிட்டது என்னும் வாதத்தையும், வங்காளத்தின் உக்கும்சந்த் சணல் ஆலை வழக்கில் 1979இல் அந்நீதிமன்றம் மறுத்தது. சட்டம் வாய்திறவாத இடத்தில் வழக்கம் அழிந்ததாகக் கொள்ளலாகாது என்பது இவற்றால் பெறப்படும் கருத்து.

வழக்கத்தின் மறுபக்கம்

வழக்கம் எப்போதும் உழைப்போர் பக்கமே நிற்கும் எனக் கருதுதல் பொருந்தாது. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலை ஒன்றில் பிழைபட்ட துணிக்காகக் கூலியில் பிடித்தம் செய்யும் நடைமுறை முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1931இல் ஒரு நெசவாளர் அதனை எதிர்த்தபோது, அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்தமையாலேயே அந்நடைமுறை அவர் ஒப்பந்தத்தின் பகுதியாயிற்று என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அவர் அதனை முன்பே அறிந்திருந்தாரா என்பது பொருட்டாகவில்லை. கொடையை உரிமையாக்கிய அதே தருக்கம் இங்குத் தண்டத்தைக் கடமையாக்கியது.

இந்தியாவிலும் அபராதம் விதித்தல், பழுதான துணியை நெசவாளர் தலையில் கட்டி விலையைப் பிடித்தல் ஆகியன ஆலை வழக்கங்களாக இருந்தன. வேலை வாங்கித் தரும் ஜாபர்கள் பெற்ற தஸ்தூரியும் அவ்வாறே. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம் இவற்றைப் பதிவு செய்தது. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் அபராதத்தை ரூபாய்க்கு அரையணா என்னும் வரம்புக்குள் நிறுத்தியது. இங்கு வழக்கத்தின் கொடுமையைத் தடுக்க எழுதப்பட்ட சட்டம் தேவைப்பட்டது.

தஸ்தூரி ஏன் உரிமையாகவில்லை என்பதற்கும் இங்கு விடை உண்டு. அது நீண்டகாலம் நிலவியது, இடையறாது நிலவியது, சீரான அளவிலும் நிலவியிருக்கலாம். ஆயினும் அது மறைவில் நிகழ்ந்தது. வெளிப்படையாகக் கோரி நிலைநாட்டத்தக்க நியாயம் அதற்கு இல்லை. வழக்கம் உரிமையாவதற்குக் காலமும் சீர்மையும் மட்டும் போதா. பலர் அறியச் சொல்லத்தக்க தன்மையும் வேண்டும். மாமூல், தஸ்தூரி ஆகிய சொற்களின் தாழ்வுக்கும் போனஸின் உயர்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

முடிவுரை

1918இல் தேவையாகவும், 1924இல் மறுக்கப்பட்ட வழக்கமாகவும், 1952இலும் 1959இலும் அளந்தறியத்தக்க உரிமையாகவும், 1976இலும் 1979இலும் சட்டத்தை அடுத்தும் நிலைக்கும் உரிமையாகவும் பண்டிகைத்தொகை வளர்ந்த வரலாறு மேற்கண்ட செய்திகளால் புலனாகிறது. இவ்வளர்ச்சியில் காலத்தின் நீட்சியைவிடக் கொடுப்போரின் தன்விருப்பம் விலகியமையே முடிவு செய்யும் கூறாக நின்றது. அவ்விலகலுக்கு நட்ட ஆண்டிலும் வழங்கியமை தலையாய சான்றாகக் கொள்ளப்பட்டது.

2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது. வழக்கமான சலுகையைத் திரும்பப் பெறுவதற்கு முன்னறிவிப்பு வேண்டும் என்னும் விதியை அதன் மூன்றாம் அட்டவணையும் தக்கவைத்துள்ளது. அதே சட்டம் குறித்த காலப் பணியையும் ஏற்கிறது. ஓராண்டோ ஈராண்டோ மட்டும் பணிபுரிவோர் நெடுங்கால வழக்கத்தை எவ்வாறு காட்டுவர் என்னும் வினா இனி எழக்கூடும். வழக்கம் தனி ஒருவர்க்கு உரியதன்று, பணியிடத்திற்கு உரியது என்பதே லங்காஷயர்த் தீர்ப்பின் உட்பொருள். நெசவாளர்க்கு எதிராக நின்ற அத்தருக்கம், நேற்றுச் சேர்ந்த தொழிலாளர்க்கும் நெடுநாளைய வழக்கத்தில் பங்கு உண்டு எனக் காட்ட இன்று பயன்படும். அதற்கு அவ்வழக்கத்தை ஆண்டுதோறும் பதிவு செய்துவைக்கும் ஓர் அமைப்பு பணியிடத்தில் இருத்தல் வேண்டும். வழங்கியதை வழக்கமாக்குவது காலம். வழக்கத்தை வழக்கில் நிலைநிறுத்துவது கூட்டு நினைவு.